கொட்டியது அமிலம் இல்லை, காரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் "கடலில் அமிலத்தைக் கொட்டிய விஞ்ஞானிகள்" என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அவர்கள் விட்டது சோடியம் ஹைட்ராக்சைடு, நம் ஊரில் காஸ்டிக் சோடா என்போமே, அது. அது காரம், அமிலத்துக்கு நேர் எதிர். முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ வேதியியல் நடத்தியவள் நான், என்னால் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் 8.2 ஆக இருந்த மேல்மட்ட நீரின் பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண், இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது) 8.1-க்கு இறங்கிவிட்டது. காரத்தைச் சேர்த்தால் அந்த அமிலத்தன்மை குறையுமா, காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் வாயுவைக் கடல் இழுக்குமா என்று பார்க்கத்தான் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தார் அங்குள்ள மெய்ன் வளைகுடாவில் சுமார் 65,000 லிட்டர் காரக் கரைசலை விட்டார்கள். நீர் எங்கே நகர்கிறது என்று தெரிய சிவப்புச் சாயமும் கலந்து, பின்னாலேயே போய் அளந்தார்கள். அரசின் அனுமதி வாங்கித்தான். கட்டுரையில் அனுமதி பற்றி ஒரு வரி இல்லை, "ரகசியமாக" என்ற வார்த்தை மட்டும் இருந்தது.

வகுப்பில் நான் ஒன்று செய்து காட்டுவேன். நீர்த்த காரக் கரைசலில் ஒரு சொட்டு பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டால் ரோஸ் நிறம் வரும். ஸ்ட்ரா கொடுத்து ஊதச் சொல்வேன். ஊத ஊத நிறம் வெளிறி, கடைசியில் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மூச்சில் இருக்கிற கரியமில வாயுவைக் காரம் பிடித்து பைகார்பனேட்டாக வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். கடலில் அதே வேலை மெதுவாக, வாரம் மாதம் என்று நடக்கும். எவ்வளவு வாயு உள்ளே போனது என்று அளப்பதுதான் கஷ்டம்.

காரத்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் காரத்தை வாயால் உறிஞ்சி நாக்கு வெந்துபோன பெண்ணைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊர் மக்கள் இதே மாதிரி ஒரு திட்டத்தை 2023-இல் கூடி நின்று எதிர்த்தார்கள். அங்கே பேச்சு மக்னீசியம் ஹைட்ராக்சைடு, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தில் இருப்பது. இருந்தாலும் எங்கள் கடலில் எதைப் போடுகிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மீன் குஞ்சுகளுக்கு என்ன ஆகும்? காரத்தைத் தயாரிக்கிற மின்சாரம் நிலக்கரியில் வந்தால் பிறகு என்ன லாபம்? இதையெல்லாம் நீங்கள் கேட்டு எழுதியிருக்கலாமே ஐயா.

முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். ஓசோன் ஓட்டையால்தான் வெயில் கூடிவிட்டது என்று தப்பாகப் போட்டபோதும் எழுதினேன், பதில் இல்லை. புதன்கிழமை அறிவியல் பக்கத்தை நிறுத்தியபோதும் எழுதினேன், பாதியை வெட்டிப் போட்டீர்கள். அந்தப் பக்கத்தை என் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்த காலம் உண்டு, அப்படி ஒரு நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இப்போது டியூஷனுக்கு வருகிற பெண், "பேப்பர்லயே அமிலம்னு போட்டிருக்கே டீச்சர்" என்கிறாள். நான் சொன்னதை விட்டுவிட்டு உங்கள் தலைப்பைத்தான் நம்புகிறாள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு இணைப்பில் ஒரே ஒரு வரி திருத்தம் போடுங்கள், அவள் கண்ணில் படுகிற அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை