உறையில் இருக்கும் அந்த ஒரு வரி

அன்புள்ள கண்ணா,

பார்சல் வந்து சேர்ந்தது. வேப்பெண்ணெய் சோப்பை அன்றைக்கே குளிக்க எடுத்துக்கொண்டேன். நுரை நிறைய வருகிறது, கை வறளவில்லை. விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய் என்று நுரையின் வழவழப்பிலேயே தெரிந்தது. ஐந்து வாரம் காயவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பொறுமை கட்டியில் தெரிகிறது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் உறையைப் படித்தேன். 'எக்ஸிமா, சொரியாசிஸ், படை அனைத்தையும் குணமாக்கும்.' அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது ரொம்பச் சின்னவன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா. நான் செய்த வேப்பெண்ணெய் சோப்பைக் கொடுத்து, இதையே தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், சரியாகிவிடும் என்று சொன்னேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். அந்தத் தாயும் என்னை நம்பி, டாக்டரிடம் போகாமல் மூன்று வாரம் தேய்த்தாள். தோல் வெடித்து நீர் வடிய ஆரம்பித்தது. சோப்பை நிறுத்தச் சொன்ன பிறகுதான் ஆறியது. அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு தேடிப் படித்தேன். எண்ணெய் காஸ்டிக் சோடா என்ற காரத்தோடு சேர்ந்த பிறகு அது எண்ணெயாகவே இருப்பதில்லை. கொழுப்பு உடைந்து சோப்பும் கிளிசரினுமாக மாறிவிடுகிறது. வேப்பங்கொட்டையின் மணமும் கசப்பும் கொஞ்சம் தங்கும். ஆனால் தோலில் அது இருப்பது ஒரு நிமிடம், உடனே தண்ணீரில் போய்விடும். அதோடு, எவ்வளவு நன்றாகச் செய்த சோப்பும் பிஎச் என்ற அமில-கார அளவில் 9, 10 என்று காரப் பக்கம்தான் நிற்கும். நல்ல தோல் 5-ஐ ஒட்டி இருக்கிறது. நல்ல தோல் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஏற்கெனவே புண்ணான தோலால் அது முடியாது.

விதை எண்ணெயில் மருந்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீரடிமுத்து எண்ணெயைப் பார். தொழுநோய்க்கு எத்தனையோ காலமாகக் கொடுத்து வந்தார்கள். பூசினால் பலன் போதவில்லை, குடித்தால் குமட்டியது, ஊசியாகப் போட்டால் கெட்டியான எண்ணெய் தோலுக்கடியில் கட்டிக்கொண்டது. ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம்பெண் 1915 வாக்கில் அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர் என்ற வேறொரு சேர்மமாக மாற்றி, உடல் ஏற்கிற ஊசிமருந்தாக ஆக்க வழி கண்டுபிடித்தாள். அடுத்த வருடமே, 24 வயதில் இறந்துபோனாள். 1940-களில் தொழுநோய்க்குச் சல்போன் என்ற புது வகை மருந்துகள் வரும்வரை அவள் வழியில் செய்த ஊசிதான் எத்தனையோ பேருக்குத் துணை. ஒரு விதையின் எண்ணெயை மருந்தாக்க அவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது. நீயும் நானும் செய்வது சோப்பு. தோலை அதிகம் வறளவிடாமல் அழுக்கை எடுக்கிற நல்ல சோப்பு. அதை அப்படியே எழுது. என்னென்ன எண்ணெய், எந்தத் தேதியில் ஊற்றியது, எத்தனை வாரம் காய்ந்தது, இவ்வளவு போதும்.

அடுத்து பன்னீர் கலந்து கிரீம் செய்யப் போகிறேன் என்றாய். தண்ணீர் சேர்ந்தால் கிருமி வளரும், அதற்கென்று உள்ள பாதுகாப்புப் பொருள் கட்டாயம் வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. முதலில் தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் உருக்கி உதட்டுக்குப் பூசுகிற தைலமாகச் செய்து பழகு.

இன்னொன்று. புங்கெண்ணெய் சோப்புக் கட்டி என் கையில் லேசாக எரிந்தது. அந்தத் தடவை தேங்காய் எண்ணெய் இல்லாததால் அதில் அரைக் கிலோவுக்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றினேன் என்று சொன்னாயே, காஸ்டிக் சோடாவுக்குத் திரும்பக் கணக்குப் போட்டாயா? தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம் கேட்கும், நல்லெண்ணெய்க்கு 0.133 போதும். அரைக் கிலோவுக்கு 25 கிராம் வித்தியாசம். மொத்தம் ஒரு கிலோ எண்ணெய் என்றால், காரம் மிஞ்சாமலிருக்க நீ வழக்கமாகக் காஸ்டிக் சோடாவில் குறைக்கிற 5 சதவீதம் அதில் எட்டு கிராமைத்தான் ஈடுகட்டும். மீதிக் காரம் கட்டிக்குள் அப்படியே நிற்கும். கணக்குப் போடாமல் ஊற்றியிருந்தால் அந்தக் கட்டிகளை யாருக்கும் கொடுக்காதே, கொடுத்தவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடு. அளவு எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பு, நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா