ஆண்டறிக்கை: மனோராவும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் விழுங்கியது, நம் கடற்கரையில் நிற்கும் மனோரா கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தயாரித்த துண்டறிக்கை. ஒரு பக்கம் எழுத இத்தனை கூட்டமா என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அதைக் கட்டினார் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வோம். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். கோபுரத்துக் கல்வெட்டிலோ போனபார்ட்டின் (நெப்போலியனின்) வீழ்ச்சி, 1814 என்று இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் முடிதுறந்து எல்பா தீவுக்குப் போனார். மறு ஆண்டே தப்பி வந்து பாரிஸில் மறுபடி உட்கார்ந்தது வேறு கதை! காரசாரமான வாக்குவாதத்துக்குப் பிறகு, கல்வெட்டில் உள்ளபடியே போடுவதென்று முடிவானது.

1799-லேயே ஆட்சியை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்து, தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மிச்சம் என்று ஆன மன்னர், நெப்போலியனை வென்ற அதே ஆங்கிலேயரின் வெற்றிக்கு எட்டு அடுக்கில் அறுகோணக் கோபுரம் எழுப்பியதை எப்படி எழுதுவது? "மறைக்காம எழுதுங்க தம்பி, படிக்கிறவங்க முடிவு பண்ணிக்கட்டும்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அப்படியே எழுதினோம்.

ஆனால் நெப்போலியனுக்கு ஒரு பத்தி போதும் என்பது என் கருத்து. மீதி இடத்தைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறோம். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போக, கடல் வணிகம் செய்த மரைக்காயர்களின் தோணிகள் இந்தக் கரையை ஒட்டியும் அக்கரைக்குமாகச் சரக்கு ஏற்றிப் போய்வந்தன. சரபோஜி இங்கே கப்பல் கட்டும் தளம் வைத்ததும் அந்த வணிகத்தை நம்பித்தான். கடலைக் கண்காணிக்கவும், கலங்கரை விளக்கமாகவும் கோபுரம் பயன்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் தெரியவில்லை.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமைக் குப்பை. பொட்டலம் கட்டி வருகிறவர்கள் காகிதத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள், நாம் பெருக்குகிறோம். சுவரில் ஆணியால் பெயர் கீறுவதும் நிற்கவில்லை. காவலாளி கேட்டு உரிய இடத்தில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. மறுபடி கொடுப்போம்.

2022-இல் அறிவிக்கப்பட்ட கடல்பசு பாதுகாப்பகம் பற்றி மீனவ உறுப்பினர்கள் தனியாகப் பேசுவார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்