குழலில் ஒட்டும் ஈயம்: அரிசோனா நண்பனுக்கு ஒரு கடிதம்

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். முட்டுவலி குறைந்திருக்கிறது. நீ பேசும்போது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசு, அது போதும் அவர்களுக்கு.

இங்கே தேன் எடுக்கிற காலம். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வந்தாயிற்று. அந்தத் தளிர்க்காம்பில் ஊறுவதைத்தான் தேனீக்கள் பெட்டிக்குச் சுமக்கின்றன. அடை உருக்கி மெழுகும் நிறையச் சேர்ந்திருக்கிறது. உனக்கு அதில் வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கருமருந்து, அதாவது பழைய காலப் புகைமருந்து, போட்டுச் சுடும் உன் 45-70 ரகத் துப்பாக்கியின் குழலில் ஈயம் படிகிறது, 500 மீட்டரில் நிற்கும் கிடா உருவ இலக்குத் தகட்டுக்குச் சுட்டால் குண்டுகள் சிதறுகின்றன, அதனால் கடினமான கலவையில் குண்டு வார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. கருமருந்துக்கு மென்மையான குண்டுதான் வேண்டும். மருந்து பற்றியதும் விழுகிற அடியில் குண்டின் பின்பக்கம் தடித்து, குழலின் உள்சுவரில் திருகாக வெட்டியிருக்கும் சுழல்பள்ளங்களை இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். கடினமான குண்டு அவ்வளவு தடிக்காது. ஓரத்தில் சூட்டு வாயு புகுந்து ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். 20 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்று நாம் அங்கே சேர்ந்து வார்த்தோமே, அதையே வைத்துக்கொள்.

முதலில் ஈயம் எந்த முனையில் ஒட்டியிருக்கிறது என்று பார். தோட்டா அறைக்கு முன்னாலேயே என்றால் பெரும்பாலும் குண்டு பள்ளத்தைவிடச் சிறியது, அல்லது குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வைக்கிற அட்டை வாயுவைத் தடுக்கவில்லை. மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பார். பள்ளத்தோடு சேர்த்துக் குழலின் விட்டம் 0.458 அங்குலம் என்றால் குண்டு 0.459 இருக்கட்டும். வாய்ப்பக்கம் ஒட்டியிருந்தால் கதை வேறு. குண்டில் தடவிய மசகு பாதி வழியில் தீர்ந்து போகிறது.

உன் ஊரில் எனக்குச் சந்தேகம் இந்த இரண்டாவதன் மேல்தான். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாகவே மிஞ்சும். அதில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்று என்றால் கசடு கொழகொழவென்று இருக்கும். அரிசோனா வெயிலில் அடிப்பிடித்த பாத்திரம் போல இறுகிவிடும், அடுத்த குண்டு அதில் உரசி ஈயத்தை விட்டுவிட்டுப் போகும். மசகின் முக்கிய வேலையே இந்தக் கசடை இளக்கமாக வைப்பதுதான். 1857இல் அவ்வளவு கலவரத்துக்குக் காரணமான என்ஃபீல்டு தோட்டாவில் கொழுப்பு தடவியதும் இதே தேவைக்குத்தான்.

தேன்மெழுகோடு ஆட்டுக் கொழுப்பைச் சேர்த்து உருக்கு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், 25 டிகிரியிலேயே உருகிவிடும், உன் கார் டிக்கியில் தோட்டாவுக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், கோடையில் அதன் பங்கைக் கூட்டிக்கொள். கடையில் விற்கும் பெட்ரோலிய கிரீஸைத் தொடாதே, கருமருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரி ஆகிவிடும். குண்டின் மசகுப் பள்ளங்கள் முழுக்க நிறைந்திருக்கிறதா என்றும் பார்.

அப்புறம், ஊதுகுழல். காலித் தோட்டாக் கூட்டில் பொருத்திய அந்தக் குழாயைப் பின்பக்கமாகச் செருகி, ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் நிதானமாக மூச்சு விடு. காற்று ரொம்ப வறண்டிருந்தால் அது போதாது. ஈரத்துணி ஒன்று, அதன் பின்னால் உலர்ந்த துணி ஒன்று என்று துடைத்துவிடு. நேரம் போகிறதே என்று நினைக்காதே, எனக்குத் தெரிந்து இதற்கு ஈடான வைத்தியம் இல்லை.

ஏற்கெனவே ஒட்டியதை எடுக்க வேண்டுமே. கசடு தண்ணீரில் கரையும், ஈயம் கரையாது. பழைய பிரஷ்ஷில் சுத்தமான செம்புக் கம்பி நாரைச் சுற்றித் தேய்த்தால் செதில் செதிலாக வரும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கு, ஒட்டினால் உள்ளே இரும்பு. யாரோ வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைச் செய்யவே செய்யாதே. அதில் உண்டாகும் ஈய அசிடேட் கொடிய விஷம், குழலையும் அரிக்கும். ஈயம் உருக்குகிற இடத்தில் பேரப்பிள்ளைகளை விடாதே. கை கழுவாமல் சாப்பிட உட்காராதே.

உன் தங்கை மகன் அங்கே திரும்பும்போது மெழுகு கொடுத்து அனுப்புகிறேன். அதற்குள் பள்ளத்தின் அளவு, குண்டின் அளவு, ஈயம் எந்த முனையில் என்ற மூன்றையும் எழுது. குண்டு அச்சை மாற்ற வேண்டுமா என்று அப்புறம் பார்க்கலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய கூட்டாளி