சலூன்காரனுக்கு ஒருநாள் பழக்கித் தாங்க, சேர்

எங்கட மாவட்டத்தில சுகாதாரத்துக்குப் பொறுப்பா இருக்கிற சேர்மார், மிஸ்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை டவுனுக்குள்ள சலூன் வச்சிருக்கிறன், அப்பாட கையால வந்த கடை. போன கிழமை ஒரு ஐயா வந்து துவாய், பிளேட், குப்பை வாளி எல்லாம் பாத்துட்டு, போகேக்க கண்ணாடிக்குப் பக்கத்தில ஒரு போஸ்டர ஒட்டினார். மனம் விட்டுப் பேசுங்க எண்டு பெரிய எழுத்தில, கீழ 1926 எண்ட மனநல உதவி நம்பர். நல்லம். நான் கேட்டன், சேர், ஆக்கள் ஏற்கனவே என்னோட மனம் விட்டுத்தான் பேசுறாங்க, கேட்டுட்டு நான் என்ன செய்யிற? சிரிச்சுட்டு பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரல்ல. கதிரையில பலகை போட்டு இருத்தி நான் முதல் முதல்ல முடி வெட்டின பொடியன் ஒருத்தன், பிறகு கடல் தொழிலுக்குப் போனவன். 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து 340க்கு ஒரேயடியா ஏறிச்சே, அதில இருந்து அவன்ட கணக்கு நிமிரவே இல்ல, வாடைக்காத்துக் காலத்தில வள்ளமும் இறங்காது, லோன்காரன் மட்டும் கிழமை தவறாம வருவான். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனெண்டா தலையக் குனிஞ்சு இருக்கேக்க ஆம்பிளையள் கதைப்பாங்க, முகத்தப் பாத்துக் கதைக்கத் தேவையில்லத்தானே. ஒருநாள் முடி வெட்ட இல்ல, கொப்பியில இருந்த பாக்கி 1,150 ரூபாயக் குடுக்க எண்டே வந்தான். “என்ட பேர வெட்டி விடுங்கண்ணே” எண்டான். நானும் பகிடிக்கு, என்னடா கட்டார் விசா வந்திட்டா எண்டு கேட்டன். மூண்டாம் நாள் அவனுக்குக் கடைசிச் சவரம் செய்யவும் என்னைத்தான் கூப்பிட்டாங்க.

கணக்கெல்லாம் தீர்த்துட்டுப் போறதும் தற்கொலை எண்ணத்துக்கு ஒரு அறிகுறியாம். இத எனக்குச் சொன்னது நீங்க இல்ல, மகள் போனில தேடிச் சொன்னவ.

அவதான் இன்னொண்டும் காட்டினவ. இங்கிலாந்தில ரோர்க்கி எண்ட கடற்கரை டவுனில முடி வெட்டுற ரொம் சப்மன் எண்டவர், கூட்டாளிய இப்பிடிப் பறிகுடுத்துட்டு 2015இல மத்த பார்பர்மாரையும் சேர்த்து ஒரு அமைப்புத் தொடங்கியிருக்கிறார். அவங்க பழக்கிறது பெரிய வித்தையில்ல. ஆள் மாறுறதக் கவனி, நேராக் கேள், குறுக்கிடாமக் கேட்டுக்கொண்டிரு, உதவி கிடைக்கிற இடத்துக்கு அனுப்பு. நேராக் கேட்டா அந்த எண்ணத்த நாமளே குடுத்ததா ஆகாதாம், நான் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் பயந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில 52 பார்பர் கடையளில கறுப்பின ஆம்பிளையளுக்குக் கடையிலேயே பிரஷர் பாத்து, மருந்தாளர் வந்து மருந்தும் குடுத்து, ஆறு மாசத்தில மேல் பிரஷர் சராசரியா 27 இறங்கினதாம், 2018இல வெளிவந்த ஆய்வு. அது அமெரிக்கா எண்டுவீங்க. சரி, எனக்கு மருந்தாளர் வேணாம்.

எனக்கு வேண்டியது சலூன்காரருக்கு ஒருநாள் பயிற்சி, பிறகு ஒரு போன் நம்பர். நம்பரெண்டா எங்கட ஊர் ஆஸ்பத்திரியில தமிழ் கதைக்கிற ஒரு ஆள், “அண்ணே அனுப்புங்க, நான் பாக்கிறன்” எண்டு சொல்லுற ஒரு ஆள். போன வருஷமும் இதையே எழுதிக் குடுத்தன், பதில் இல்ல. தமிழில எழுதினதாலயோ என்னவோ. நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில பேனர் கட்டி, ரோல்ஸும் தண்ணிப் போத்தலும் வச்சு மனநலக் கூட்டம் மட்டும் நடக்குது, அங்க எந்த மீன்காரன் வந்தான், எந்த ஆட்டோக்காரன் வந்தான்? அவன் கிளினிக்குக்கே வரமாட்டான் சேர், காலமை வரிசையில நிண்டா அண்டைய உழைப்புப் போச்சு. என்னட்ட மாசம் ஒருக்கா வாறான்.

முந்தி ஊரில எங்கட ஆக்களப் பரியாரி எண்டும் சொல்லுவாங்க, நாட்டு வைத்தியருக்கும் அதே பேர். பரியாரி எண்டு சொல்லிக்கொண்டே பின்வாசலில நிப்பாட்டின கதை வேற, அத விடுவம்.

கோவத்தில கூடக் கதைச்சிருந்தா மன்னிக்கணும். 1995இல லட்சம் பேருக்கு 47 எண்டு இருந்த தற்கொலைய, பொல்லாத பூச்சிமருந்துகளத் தடை செஞ்சு எவ்வளவோ குறைச்ச நாடு இது. மனம் வச்சா உங்களால ஏலும். அதாலதான் திரும்பவும் தாழ்மையாக் கேக்கிறன், ஒருநாள் பயிற்சி, ஒரு நம்பர். சான்றிதழ் வேணாம், சாப்பாடும் நாங்களே கொண்டுவாறம். செவ்வாய்க்கிழமையெண்டா நல்லம், அண்டைக்குச் சனம் முடி வெட்ட வராது, கதிரையெல்லாம் சும்மாதான் கிடக்கும்.

இப்படிக்கு,
கொப்பியில அந்தப் பேர இன்னும் வெட்டாத சலூன்காரன்