தே பிறந்த மலை

கோத்தகிரி

அன்புள்ள கயலுக்கு,

ஷியாமெனில் புயல் வருகிறது, விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அட்லஸை அவள் முன்னால் விரித்தேன். "இதோ பார், ஷியாமெனுக்கு எதிரே தைவான். அதன் நடுவில் உயரமான மலை. கிழக்கிலிருந்து வருகிற புயல் பலதும் அதில் மோதி வேகம் குறைந்துதான் ஜலசந்தியைத் தாண்டும்" என்றேன். கொஞ்சம் சமாதானமானாள். ஆனாலும் எல்லாப் புயலும் அந்த வழியில் வராது கண்ணு. எச்சரிக்கை வந்தால் ஜன்னலோரம் படுக்காதே.

அப்புறம் எனக்கு அட்லஸை மூட மனம் வரவில்லை. சீனாவில் நீ இருக்கும் ஃபூஜியன் மாகாணம் முழுக்க மலையைக் காட்டும் பழுப்பு நிறம். பச்சை கடலோரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக. 'எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல்' என்று அங்கே சொல்வார்களாமே. மேற்கே வூயி மலை சுவர்போல நிற்கிறது. 'மின்' என்ற ஆறு அந்த மலைகளில் பிறந்து ஃபுசோ நகரத்துப் பக்கம் கடலில் கலக்கிறது. மலை இப்படிக் குறுக்கே நிற்பதால்தான் ஃபுசோக்காரர் பேச்சு ஷியாமென்காரருக்குப் புரியாது. நெல் போட இடமில்லாதவர்கள் கடலுக்குத்தானே போவார்கள்? மலேசியா, சிங்கப்பூர் ஹொக்கியன் குடும்பங்களின் முன்னோர் அங்கிருந்து கப்பலேறியவர்கள்தான்.

ஷியாமென் பக்கம் பேசுகிற அந்த ஹொக்கியன் மொழியில் டீக்குப் பெயர் 'தே'. டச்சு வணிகர்கள் அதை மேற்கே கொண்டுபோனார்கள். நம் தேயிலையில் இருக்கும் 'தே' அதுதான். முப்பது வருஷமாக வாட்டும் தொட்டியில் கொழுந்தைக் கையால் அமுக்கிப் பதம் பார்க்கிறவன் நான். எனக்குச் சோறு போடுகிற சொல் பிறந்த மாகாணத்தில் என் மகள் படிக்கிறாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

லீவில் இரண்டு இடம் போய் வா. குவான்சோ நகரம் உனக்குப் பக்கம். 1281இல் நம்மவர்கள் அங்கே சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். அடியில் சீன எழுத்தும் உண்டு. கைய்யுவான் என்ற புத்தர் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கண்ணன் இருப்பான், தேடிப் பார்.

இன்னொன்று வூயி மலையில் தோங்மு கிராமம். கறுப்புத் தேயிலை முதலில் அங்கேதான் செய்தார்கள் என்பார்கள். பைன் விறகுப் புகையில் இலையை உலர்த்துவார்களாம். கிராமத்துக்குள் விடாவிட்டாலும் சரி, கீழே டவுனில் நூறு கிராம் வாங்கு. புகை வாசனை போகாமல் இரண்டு கவர் போட்டுக் கட்டிக் கொண்டுவா.

அப்பா