அம்மா நோட்டீஸில் செம்மஞ்சேரி

அண்ணா,

அம்மாவின் படையலுக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. "சென்னைன்னு மட்டும் போடு, போதும்" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாய். நான், நம் வீடு இருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் பெயரை, செம்மஞ்சேரி என்று முழுசாகவே போட்டிருக்கிறேன். போனில் சொன்னால் நீ பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது, மன்னித்துக்கொள். ஆனால் 'சேரி' என்ற வார்த்தையை நீயும் நாலு பேர் முன்னால்தான் சொன்னாய்.

உன் வீட்டுப் பால்கனியில் அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உன் மகன் கீழே யாரையோ பார்த்து ஒரு சத்தம் போட்டான். நம் பக்கத்துப் பேச்சு, அம்மாவிடமிருந்து பிடித்துக்கொண்டது. நீ உள்ளேயிருந்து வந்து, "இந்தச் சேரி பாஷையெல்லாம் இங்க பேசினா பல்லை உடைச்சிடுவேன்" என்றாய். பக்கத்து பிளாட்காரர் சிரித்தார். அம்மாவின் விரல் காம்பிலேயே நின்றது. அப்புறம் உருவினாள். அடுத்த காம்பு, அதற்கடுத்த காம்பு. பழுத்த இலையும் நல்ல இலையும் ஒன்றாக முறத்தில் விழுந்தன. அம்மா ஒருநாளும் அப்படிக் கீரை ஆய்ந்தவள் இல்லை. "பஸ் கூட்டமாயிடும்" என்று சாப்பிடாமலே கிளம்பினாள்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தது உன் சம்பளத்தில். உனக்குச் சட்டை எடுக்காமல் எனக்கு ஃபீஸ் கட்டினாய். அந்தப் படிப்பில் கிடைத்ததைத்தான் இப்போது உன்னிடமே சொல்கிறேன். தொல்காப்பியத்தில் செய்யுளியலைப் பார். சேரி மொழியால் செவ்விதாகச் சொல்லி, ஆராய்ந்து தேட வேண்டாமல் பொருள் விளங்கினால் அந்தச் செய்யுளுக்குப் 'புலன்' என்று பெயர். நீ பல்லை உடைக்கிறேன் என்ற அதே சேரி மொழிக்கு அங்கே இலக்கணத்தில் இடம் இருக்கிறது.

பலர் சேர்ந்து வாழும் இடம் சேரி, முதலில் அவ்வளவுதான். உத்திரமேரூர் பிராமணர்களின் ஊர். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அதன் குடவோலைக் கல்வெட்டுகளில் 12 சேரி வருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய புறஞ்சேரியில் இருந்தவர்கள் அறவோர். ராஜராஜனின் தஞ்சாவூர்க் கல்வெட்டுகளுக்கு வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாட்டோடு சேர்த்து, வரியில்லாத நிலம் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களுடைய சேரிகள் தெருவாகவும் அக்ரகாரமாகவும் ஆகிவிட்டன. உழைக்கிற ஜனங்களுடையது மட்டும் சேரியாகவே நின்றது. பிழைக்க நகரத்துக்கு வந்தவர்கள் கூடவே அதுவும் வந்து, கால்வாய்க் கரையில் குடியேறி, வசவாகிவிட்டது. உன் பிளாட் இருக்கும் வேளச்சேரியும் சேரிதான் அண்ணா, கல்வெட்டில் வெளிச்சேரி. அந்த முகவரியை மட்டும் எல்லாரிடமும் வாய் நிறையச் சொல்கிறாய்.

நீ பட்டது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கடன் கேட்கப் போன இடத்தில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறியதை நானும் பார்த்தேன். உன் கல்யாணப் பேச்சில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன், அந்த வீட்டு ஆட்களும் இதைப் படிப்பார்கள். பெயரை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நீ மட்டும் நினைக்கவில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியமும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. குடிசை என்ற சொல்லே கூசும்படி ஆக்கிவிட்டிருக்கிறார்கள், உன்னை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஆனாலும் அம்மா முன்னால் நீ அதைச் சொல்லியிருக்கக் கூடாது. விடிவதற்குள் பஸ் பிடித்து மந்தைவெளியில் பாத்திரம் தேய்த்த கை அது. அந்தக் காசில்தான் நீ இன்ஜினியரிங் சேர்ந்தாய்.

நோட்டீஸில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. அதற்குக் கீழே வீட்டு எண், பிளாக், செம்மஞ்சேரி. எடுக்கச் சொல்லாதே, எடுக்க மாட்டேன். படையல் காலை பத்து மணிக்கு. பையனையும் கூட்டிக்கொண்டு வா. கீழே அவன் வயசுப் பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களோடு எப்படிப் பேசினாலும் அன்றைக்கு அவனை அதட்டாதே.

உன் தங்கை