செவலைக்கு எந்த டியூப் என்று கேட்டாயே

ராஜபாளையம்

அன்புள்ள கோமதி,

நேற்று ராத்திரி மருந்துக்கடையை அடைக்கிற நேரத்தில் உன் குரல் பதிவு வந்தது. உன் நாய் செவலை முள்கம்பியில் தொடையைக் கிழித்துக்கொண்டது, வீட்டில் நாலைந்து டியூப் கிடக்கிறது, எதைத் தடவலாம், ஒரே வார்த்தையில் சொல்லு என்கிறாய். ஒரே வார்த்தையில் விடை கேட்கிற பழக்கம் பிச்சம்மா டீச்சரிடம் அத்தனை வாங்கியும் உனக்குப் போகவில்லை. "எதையும் தடவாதே, உப்புத் தண்ணீரில் கழுவு" என்று போனில் சொல்லிவிட்டேன். கழுவியும் இருப்பாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதினால்தான் எனக்கு நிம்மதி. எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், தபால் வந்து சேரும்வரை புண் காத்திருக்காது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, கோயில்வரை நடக்கிறார். தம்பி ஓசூரிலேயே வீடு பார்த்துவிட்டான். அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நீ சொல்லவே இல்லை, அதையும் எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இவ்வளவு பதற்றம் வந்ததற்குக் காரணம் போன மழையில் எங்கள் பின்தெருவில் நடந்தது. ஒரு நாட்டு நாயை இன்னொரு நாய் கழுத்தில் கடித்துவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டு சின்னப் பல் துளை, ரத்தம்கூட அதிகம் இல்லை. வீட்டுக்காரர் எங்கேயோ ஒரு கடையில் "நாய்க்குப் புண்ணு" என்று கேட்டு, படர்தாமரைக்குப் போடுகிற கலப்பு டியூப்பை வாங்கி வந்து முடிக்கு மேலேயே அப்பியிருக்கிறார். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்து வருமே, அது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிவிடும். புண் ஆறுகிற மாதிரியே தெரியும். உள்ளே சீழ் கட்டி, துளை வழியாகக் கசிந்து, அதில் ஈ முட்டையிட்டு, சில நாளில் கழுத்து முழுக்கப் புழு. அதற்கு ஒருவர் நாப்தலின் உருண்டையைப் பொடித்துப் போடச் சொல்கிறார், இன்னொருவர் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார். இரண்டுமே நாய்க்கு விஷம்டி. நல்லவேளை, அதற்குள் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் முடியை வழித்து, கீறிச் சீழை எடுத்து, புழுவை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். பிழைத்துவிட்டது. ஆனால் அது பட்ட வேதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஈ முட்டை ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்துவிடும் என்பதை நாய் வளர்க்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புண் என்றதும் எல்லோருக்கும் டியூப்தான் ஞாபகம் வருகிறது. கடையில் நித்தம் பார்க்கிறேன். நான் நம்புவது வேறு: சின்னப் புண்ணில் முக்கால்வாசி வேலையைத் தண்ணீர்தான் செய்கிறது. மண், முடி, எச்சில், செத்த தோல் இவ்வளவும் உள்ளே இருக்கும்போது மேலே எந்தக் கிரீம் பூசினாலும் அழுக்கை மூடி வைப்பதுதான் நடக்கும். பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், முதல் உலகப் போரில் பிரான்சில் சிப்பாய்களின் புண்ணைப் பார்த்தபோது இதைத்தான் கவனித்தார். ஆழமான புண்ணில் ஊற்றிய கிருமிநாசினிகள் கிருமியைவிட உடம்பின் வெள்ளை அணுக்களைத்தான் அதிகம் கொன்றன. அவரும் அவருடைய குருவும் உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பாடம் இது, இன்னும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அண்ணனை வாயைப் பிடிக்கச் சொல்லு. செவலை உன் மடியில் தூங்குகிற பிள்ளைதான், ஆனால் வலியில் எந்த நாயும் கடிக்கும். பட்டைத் துணியால் மூக்கைச் சுற்றித் தளர்வாக ஒரு முடிச்சு போட்டால் போதும், மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உடனே அவிழ்த்துவிடு. கத்தரி வேண்டாம், தோலும் சேர்ந்து போய்விடும். உன் மகன் தாடி திருத்துகிற ட்ரிம்மர் இருக்கிறதே, அதால் சுற்றிலும் முடியை எடு. எடுக்கும் முன் புண்ணுக்குள் கொஞ்சம் கேஒய் ஜெல்லி, அந்தத் தண்ணீரில் கரைகிற வழுவழுப்பு ஜெல், வைத்துவிடு. வெட்டுகிற முடி அதில் ஒட்டிக்கொள்ளும், கழுவும்போது சேர்ந்து போய்விடும். அப்புறம் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு. இல்லாவிட்டால் கடையில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும், விலையும் குறைவு. ஊசி மாட்டாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சு. அவசரப்படாதே, ஐந்து நிமிஷமாவது பீய்ச்ச வேண்டும். உரசித் தேய்க்காதே.

அதற்குப் பிறகு பீட்டாடின், அதாவது போவிடோன் அயோடின். எங்கள் கடையில் 5 சதவீதக் கரைசல் இருக்கிறது, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தால் பால் ஊற்றாத லேசான டீ நிறம் வரும். அந்த நிறம்தான் கணக்கு. கெட்டியாக ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்று யாரும் நினைக்க வேண்டாம், புதிதாக வளர்கிற தோலைத்தான் அது வாட்டும். வாங்கும்போது லேபிளைப் படி. 'சர்ஜிக்கல் ஸ்க்ரப்' என்று போட்டிருந்தால் அது கை கழுவுகிற சோப்புக் கலவை, புண்ணுக்குள் போகக் கூடாது. நுரைத்துக்கொண்டு வருகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், அது நல்ல செல்லையும் சேர்த்து அரிக்கிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட் எரியும், அவ்வளவுதான். டெட்டாலைக் கலக்காமல் ஊற்றினால் தோலும், நக்கினால் நாக்கும் வெந்துபோகும்.

சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் போன பிறகுதான் கிரீம். போவிடோன் அயோடின் களிம்பு போதும் உனக்கு. சோஃப்ராமைசின், மியூபிரோசின், சில்வர் சல்ஃபாடயசின் இவற்றை டாக்டர்களும் நாய்க்கு எழுதித் தருகிறார்கள், ஆனால் ஆன்டிபயாட்டிக்கை அவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு பூசுவது? தோல் மினுங்குகிற அளவுக்கு மெல்லிசாக, காலையும் மாலையும். பழைய பூச்சைக் கழுவிவிட்டுப் புதியது. பூசின கையோடு சோற்றைப் போடு, இல்லை வெளியே நடத்திக் கூட்டிப் போ. கால் மணி நேரம் நக்காமல் இருந்தாலே மருந்து பிடித்துவிடும். அதற்கு மேலும் நக்கினால் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டியதுதான், கோன் என்று கேட்டால் செல்லப்பிராணிக் கடையில் தருவார்கள். முகத்தை இடித்துக்கொண்டு பாவமாகத் திரியும், மனசு இளகிக் கழற்றிவிடாதே. நாய் நக்கினால் புண் ஆறும் என்று உன் மாமியார் சொல்வார். எச்சிலில் கிருமியைக் கொல்லும் பொருள் கொஞ்சம் உண்டு என்பது நிஜம், ஆனால் கிருமியும் அதில் ஏராளம், சொரசொரப்பான நாக்கு ஆறுகிற தோலைப் பிய்த்தும் போட்டுவிடும்.

மாமியார் மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொண்டு வருவார் பார், அவரோடு சண்டைக்குப் போகாதே. புண்ணைச் சுற்றி முடியில் வேப்பெண்ணெய் லேசாகத் தடவினால் ஈ அண்டாது, அதுவரைக்கும் சரி. சமையல் மஞ்சளைப் புண்ணுக்குள் அப்பினால் காய்ந்து பாறையாகிவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. ரத்தம் நிற்கக் காப்பித்தூள் வைப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடு. நாய்க்குக் கஃபீன் ஆகவே ஆகாது, அது கட்டாயம் நக்கும். ரத்தம் வந்தால் சுத்தத் துணியை வைத்து ஐந்து நிமிஷம் எடுக்காமல் அழுத்திப் பிடி.

இப்போது உன் வீட்டு டிராயர். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நாம் தடவினால் தோலோடு போகிற மருந்து, நாய்க்குத் தடவினால் நக்கி வயிற்றுக்குள் போகிறது. அண்ணன் தோள்பட்டைக்குப் போடுகிற வலி ஜெல் டைக்ளோஃபெனாக். நாய் நக்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். மாட்டுக்குப் போட்ட அதே மருந்தால்தான் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன, 2006இல் கால்நடைக்குக் கொடுப்பதை நம் நாட்டில் தடைசெய்தார்கள். பேத்திக்கு வாங்கின நாப்கின் தடிப்பு கிரீமில் துத்தநாக ஆக்சைடு இருக்கும், காலமைனிலும் அதுதான். நிறைய உள்ளே போனால் நாய்க்கு ரத்த அணுக்கள் சிதையும். மரத்துப்போக வைக்கிற ஜெல்லும் ரத்தத்தைக் கெடுக்கும். உன் நாத்தனாருக்கு சொரியாசிஸ் களிம்பு கொடுத்திருக்கிறார்களே, கால்சிபோட்ரியால் என்று எழுதியிருந்தால் டியூப்பைப் பூட்டி வை. நாய் அதைக் கடித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. டீ ட்ரீ எண்ணெய் இயற்கையானது என்று யாராவது நீட்டினால் வாங்காதே, நாய்க்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். இவற்றில் எதையாவது ஏற்கனவே நக்கியிருந்தால், டியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடு.

டிடி ஊசி போடணுமா என்று கேட்டாய். நாய்க்கு டெட்டனஸ் நம்மைப்போலச் சுலபத்தில் வராது, அதனால் வழக்கமாகப் போடுவதில்லை. முள்கம்பி துருப்பிடித்தது என்றால் உன் கையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து நீ போட்டுக்கொள். ரேபிஸ் தடுப்பூசி வேறு விஷயம். செவலையின் அட்டையை எடுத்துத் தேதி பார், வருஷம் தாண்டியிருந்தால் இந்த வாரமே போட்டுவிடு. தெருநாய் எதுவும் கடிக்கவில்லை என்பது உறுதிதானே? கடி என்றால் துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டர், கிரீம் பேச்சே கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு கழுவு. எச்சில் உன் கீறலில் பட்டால் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நீயும் ஆஸ்பத்திரிக்குப் போ. இதில் விளையாட்டு கிடையாது கோமதி. ரேபிஸ் வந்த பிறகு மருத்துவம் இல்லை.

தொடைப் புண் வாய் பிளந்திருந்தால் தையல் வேண்டியிருக்கும், அது முதல் ஆறேழு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. நீ அனுப்பின படத்தில் ஓரங்கள் சேர்ந்துதான் தெரிகின்றன, ஆழமும் இல்லை. அதனால்தான் வீட்டிலேயே பார்க்கச் சொன்னேன். கட்டுப் போடாதே, காற்றுப் படட்டும், ராத்திரி வீட்டுக்குள் படுக்க வை.

காலையும் மாலையும் ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு. அப்போதுதான் சுருங்குகிறதா விரிகிறதா என்று எனக்குத் தெரியும். வீக்கம், நாற்றம், சூடு, நொண்டல், சோறு வேண்டாமென்று திரும்பிப் படுப்பது, இதில் ஒன்று வந்தாலும் எனக்கு போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு.

சங்கரி மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயா? நீ வராமல் அந்த கெமிஸ்ட்ரி லேப் கதையை நான் யாரிடம் சொல்ல? அண்ணனுக்கும் மாமியாருக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
விஜி